கடைமடை உளுந்தும் பச்சைப் பூஞ்சாணமும்: காரைக்காலில் ஒரு மாசி மாத உலா

‘காளான் சாறு என்று கடையில் ஒரு பாட்டில் காட்டுகிறார்கள். அதைத் தெளித்தால் உளுந்தில் வேரழுகல் நிற்குமா? வாங்கலாமா?’ என்று காரைக்கால் பகுதி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு வரிக் கேள்வி. பதிலையும் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். வேரழுகலுக்கு வேண்டியது சாறு அல்ல, உயிருள்ள பூஞ்சாணம். அதையும் செடி வாடிய பிறகு அல்ல, விதையோடு கொடுக்க வேண்டும்.

ஏன் அப்படி என்று புரிய வேண்டுமானால் அந்த ஊர் மண்ணையும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். அதனால் மாசி மாதத்தில் ஒரு நாள் பேரளம் வழியாகப் பேருந்து ஏறி, அம்பகரத்தூரில் இறங்கினேன்.

காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. ஆனால் புதுச்சேரி நகரத்தோடு ஒட்டியிருக்கவில்லை. மூன்று பக்கமும் தமிழ்நாடு, கிழக்கே கடல். ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர்தான் மொத்தப் பரப்பு. 1739-இல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர், 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்குள் வந்தது. சாலையில் பெயர்ப் பலகையைப் பார்த்தால் மாநிலம் மாறியது தெரியும். வயலில் எதுவும் தெரியாது. அதே களிமண், அதே வரப்பு, அதே உளுந்து. வரப்புக்கு இந்தப் பக்கம் வேளாண் விரிவாக்க மையம், அந்தப் பக்கம் உழவர் உதவியகம் என்று அலுவலகத்தின் பெயர் மாறும், மானியம் மாறும். பூஞ்சாணத்துக்கு இந்த எல்லையெல்லாம் கிடையாது.

நெல்லுக்குள் விதைத்த பயிர்

அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராஜனாறு என்று காவிரியின் கிளைகள் பல இந்தச் சிறிய பகுதியைக் கடந்துதான் கடலுக்குப் போகின்றன. ஆறுகளுக்குக் குறைவில்லை, தண்ணீர்தான் கடைசியில் வந்து சேரும். காவிரி வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலும் புதுச்சேரிக்கு உரிய பங்கு 7 டி.எம்.சி. என்றே நின்றது. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் இத்தனை மதகுகளைத் தாண்டி வர வேண்டிய கடைமடை இது.

அதனால்தான் சம்பா, தாளடிக்குப் பிறகு உளுந்தும் பச்சைப்பயறும் இங்கே இவ்வளவு முக்கியம். நெல் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் பயிருக்குள்ளேயே விதையைத் தெளிக்கிறோம். உழவு இல்லை, பாசனம் இல்லை. மண்ணில் மிஞ்சிய ஈரமும் மாசிப் பனியும்தான் பயிரின் உயிர். 65, 75 நாளில் காய் கைக்கு வந்துவிடும். நெல் விற்ற பணம் கடனுக்கும் வண்டி வாடகைக்கும் போன பிறகு, பங்குனி சித்திரையில் வீட்டுச் செலவுக்குக் கையில் நிற்பது இந்த உளுந்துப் பணம்தான். பல குடும்பங்களில் அது வீட்டுப் பெண்கள் கையில் புழங்கும் பணம்.

இப்போது ஒரு மாற்றம் வந்திருக்கிறது. ஆள் வைத்து அறுத்த காலத்தில் முளைத்த உளுந்து காலடியில் தப்பித்துக்கொள்ளும். அறுவடை இயந்திரம் ஏறினால் முளை நசுங்கிப்போகிறது. அதற்குப் பயந்து அறுவடைக்குப் பிறகு தெளிக்கிறவர்கள் உண்டு. அந்தச் சில நாளில் மேல்மண் ஈரம் குறைந்துவிடும். வேரழுகல் நோய்க்கு அதுவே வசதி.

பிடுங்கிப் பார்த்த செடி

அம்பகரத்தூரை அடுத்த ஒரு வயலில், மாசி வெயிலில் திட்டுத் திட்டாக மஞ்சளித்துத் தலை தொங்கிய உளுந்தைப் பார்த்தேன். வயலுக்குச் சொந்தக்கார அம்மா, “தண்ணி பத்தலைன்னு நெனச்சேன் சார். பக்கத்துல உள்ளது நல்லாத்தானே நிக்குது?” என்றார். சரியான கேள்வி. ஈரம் குறைந்து வாடினால் வயல் முழுக்க ஒரே சீராக வாடும். திட்டாக வாடினால் மண்ணுக்குள் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

ஒரு செடியைப் பிடுங்கினோம். எதிர்ப்பே இல்லாமல் வந்தது. பக்க வேர்கள் அழுகி அறுந்திருந்தன. தண்டின் அடிப்பகுதியில் பட்டை நார் நாராக உரிந்தது. உரிந்த இடத்தில் கரித்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். கையில் இருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டியதும் அந்த அம்மா, “அடுப்புக் கரி மாதிரில்ல இருக்கு!” என்றார். அந்தப் புள்ளிகள்தான் மேக்ரோபோமினா ஃபேசியோலினா என்ற பூஞ்சாணத்தின் விதை போன்ற கட்டிகள். நோய் வந்த செடி ஒரு வாரத்துக்குள் காய்ந்துவிடும். ஆனால் அந்தக் கட்டிகள் காய்ந்த மண்ணிலும் தட்டையிலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இந்தப் பூஞ்சாணத்துக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று 30 டிகிரிக்கு மேற்பட்ட சூடு, மற்றொன்று ஈரம் குறைந்த மண். நெல் தரிசு உளுந்துக்கு மாசி, பங்குனியில் கிடைப்பது இந்த இரண்டும்தான். பயிர் தாகத்தில் தளர்ந்திருக்கும் நேரம் பார்த்து வேரில் ஏறுகிறது.

காவிரித் தண்ணீரே முதல் மருந்து

அங்கிருந்து திருநள்ளாறு நோக்கி வரும் வழியில் நல்லம்பல் ஏரியைச் சுற்றியுள்ள வயல்களைப் பார்த்தேன். நெல் வயலில் மாதக்கணக்கில் தண்ணீர் நிற்பது நெல்லுக்காக மட்டும் என்று நினைக்கிறோம். மேக்ரோபோமினாவின் கறுப்புக் கட்டிகள் காய்ந்த மண்ணில்தான் நீண்ட நாள் தாங்கும். நீர் நிறைந்த மண்ணில் 7, 8 வாரத்துக்கு மேல் பிழைப்பது கடினம். அதாவது சம்பாவுக்கு நன்றாகத் தண்ணீர் கட்டிய வயலில், அடுத்து வரும் உளுந்துக்கு நோய்ச் சுமை தானாகக் குறைகிறது. தண்ணீர் வராத ஆண்டில் நெல் மட்டும் குறையவில்லை, மண்ணைச் சுத்தம் செய்யும் வேலையும் நின்றுபோகிறது.

காரைக்காலில் நெல் தரிசில் பருத்தியும் போடுகிறார்கள். திருநள்ளாற்றில் சனீஸ்வரனுக்கு எள் விளக்கு ஏற்றாத நாள் இல்லை, அந்த எள்ளும் டெல்டாவில் தரிசுப் பயிர்தான். உளுந்தில் நோய் வந்ததால் அடுத்த ஆண்டு பருத்தியோ எள்ளோ போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். இதே பூஞ்சாணம் பருத்தியிலும் எள்ளிலும் வேரழுகலை உண்டாக்கும். உலகில் 500-க்கு மேற்பட்ட செடி வகைகளைத் தாக்கும் நோய் இது. பயிரை மாற்றியதால் மட்டும் போய்விடாது. நோய் வந்த செடிகளை வேரோடு பிடுங்கி எரிப்பதும், மீண்டும் நெல்லுக்குத் தண்ணீர் கட்டுவதும்தான் மண்ணில் சுமையைக் குறைக்கும்.

பூஞ்சாணத்தைத் தின்னும் பூஞ்சாணம்

தண்ணீர் நம் கையில் இல்லை. கையில் இருப்பது விதை. அந்த விதையோடு நாம் அனுப்பக்கூடிய காவல்காரன் டிரைக்கோடெர்மா விரிடி. இதுவும் ஒரு பூஞ்சாணம், பச்சை நிறத்தது. 1932-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வைண்ட்லிங் என்ற ஆய்வாளர், இந்த இனத்துப் பூஞ்சாணம் நாற்றழுகலை உண்டாக்கும் ரைசாக்டோனியா பூஞ்சாணத்தைச் சுற்றி வளைத்துக் கொல்வதை எழுதி வைத்தார். இன்று கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயறு சாகுபடிப் பரிந்துரையில் இது வழக்கமான ஒரு வரி.

அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் எப்போது பலன் தரும், எப்போது தராது என்று நீங்களே கணக்குப் போடலாம். முதலில், முளைக்கும் வேரின் மேல் இடம் பிடித்துக்கொள்கிறது. நோய்ப் பூஞ்சாணம் வருவதற்குள் இருக்கிற உணவையும் இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. அடுத்து, எதிரியின் இழையைக் கண்டால் அதைச் சுற்றிக்கொண்டு, அதன் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கிறது. மூன்றாவதாக, எதிரியின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களை வெளிவிடுகிறது. செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தூண்டுகிறது.

முதல் வேலையைக் கவனியுங்கள். இடத்தை முன்னால் பிடிப்பதுதான் அதன் பெரிய பலம். எதிரி ஏறி வேர் அழுகிய பிறகு காவல்காரனை அனுப்பினால், திருடன் போன வீட்டுக்குப் பூட்டு வாங்கிய கதைதான்.

சாறா, உயிரா?

வாசகர் கேட்ட பாட்டிலுக்கு வருகிறேன். பூஞ்சாணத்தைத் திரவத்தில் வளர்த்து வடிகட்டினால், அது சுரந்த பொருள்கள் கிடைக்கும். அதுதான் சாறு. பூஞ்சாணச் சாற்றில் மருந்து இருக்க முடியுமா என்றால், நிச்சயம் இருக்க முடியும். பெனிசிலின் வந்தது பூஞ்சாணத்திலிருந்துதான். பயிர் மருந்திலும் சான்று உண்டு. ஐரோப்பாவில் பைன் மரக் காய்களின் மேல் முளைக்கும் ஒரு சிறு காளானிலிருந்து 1977-இல் ஸ்ட்ரோபிலூரின் என்ற பொருளைப் பிரித்தார்கள். மற்ற பூஞ்சாணங்களை வளர விடாமல் காளான் தனக்காகச் செய்துகொண்ட ஆயுதம் அது. ஆனால் வெயில் பட்டால் சிதைந்துவிட்டது. நிறுவனங்கள் அதன் அமைப்பை மாற்றி, வெயில் தாங்கும் வேதி மருந்தாக்கின. 1996-இல் விற்பனைக்கு வந்த அசாக்சிஸ்ட்ரோபின் அந்த வழியில் பிறந்ததுதான். இன்று அந்த வகை மருந்து நம் ஊர்க் கடை அலமாரியிலும் இருக்கிறது. சில ஆண்டுகளிலேயே சில நோய்ப் பூஞ்சாணங்கள் அதை எதிர்த்து நிற்கவும் பழகிவிட்டன.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. சாறு இலையில் பட்ட இடத்தில்தான் நிற்கும், பெருகாது. வெயிலில் சீக்கிரம் வலுவிழக்கலாம். இலையில் தெளித்தது மண்ணுக்கடியில் இருக்கும் வேருக்குப் போய்ச் சேராது. ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் நோய்ப் பூஞ்சாணத்தை ஒரு சாறு நிறுத்துவது வேறு, கடைமடைக் களிமண்ணில் நிறுத்துவது வேறு. உயிருள்ள பூஞ்சாணமோ வேர் வளர வளரத் தானும் வளரும். வேர் நோய்க்கு உயிர்தான் வேண்டும் என்பது இதனால்தான்.

பாட்டிலை வாங்குமுன் லேபிளைப் படியுங்கள். நோயைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி விற்கும் பொருள், பூச்சிமருந்துச் சட்டம் 1968-இன்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண், எந்தப் பயிருக்கு, எந்த நோய்க்கு, எவ்வளவு அளவு என்பதெல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். பயிர் ஊக்கி என்று மட்டும் போட்டிருந்தால் அது நோய் மருந்து அல்ல. 2021 முதல் பயிர் ஊக்கிகள் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகின்றன. இரண்டு சட்டத்திலும் எண் இல்லாத பாட்டிலை அலமாரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கடைக்காரர் வாயால் சொன்னதற்கு ரசீதில் இடமில்லை.

செய்ய வேண்டிய முறை

திருநள்ளாற்றிலிருந்து செருமாவிலங்கை போனால் 1987-இல் தொடங்கிய பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மாதூரில் வேளாண் அறிவியல் நிலையம். சந்தேகம் என்றால் வாடிய செடி ஒன்றை வேர் மண்ணோடு பிடுங்கிக் கொண்டுபோய்க் காட்டலாம். செடியைக் காட்டாமல் கேட்ட கேள்விக்கு யாரும் சரியான மருந்து சொல்ல முடியாது.

விதை நேர்த்தி எளிது. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி. ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதை என்றால் 40, 50 கிராம் போதும். தூளை விதையோடு நன்றாகப் புரட்டி 24 மணி நேரம் நிழலில் வையுங்கள். பிறகு 10 கிலோ விதைக்கு ஒரு பொட்டலம், அதாவது 200 கிராம் ரைசோபியத்தை ஆறிய வடிகஞ்சியில் கலந்து விதையில் தடவி, நிழலில் அரைமணி உலர்த்தித் தெளித்துவிடலாம். டிரைக்கோடெர்மா கிடைக்காவிட்டால் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் பாக்டீரியாத் தூள் சேர்க்கலாம்.

கார்பென்டசிம், திரம் போன்ற பூஞ்சாணக் கொல்லி தடவிய விதையில் டிரைக்கோடெர்மாவைச் சேர்க்காதீர்கள். டிரைக்கோடெர்மாவும் பூஞ்சாணம்தானே! இரண்டில் ஒன்றுதான்.

விதைத்த 30-ஆம் நாள் ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மாவை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் அல்லது மணலில் கலந்து தூவலாம் என்பது பரிந்துரை. இறவையில் அவரை, தட்டைப்பயறு, உளுந்து போடுகிறவர்களுக்கு இது நல்ல பலன் தரும். ஆனால் தண்ணீர் கட்டாத நெல் தரிசில் 30-ஆம் நாள் மேல்மண் காய்ந்திருக்கும். ஈரமில்லாத மண்ணில் தூவிய பூஞ்சாணம் வளராது. ஒரு மழை பெய்தால் தூவுங்கள், இல்லையென்றால் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு விதை நேர்த்திதான். அதைத் தவறவிட்டால் பணம் கொடுத்தும் வாங்க முடியாது.

பொட்டலத்தில் பார்க்க வேண்டியவை மூன்று: பதிவு எண், காலாவதி தேதி, ஒரு கிராமில் உயிர் எண்ணிக்கை குறைந்தது 20 லட்சம். வெயிலில் வைத்த பொட்டலமும் டிராக்டர் சீட்டுக்கடியில் கிடந்த பொட்டலமும் வெறும் மாவுக்கல் தூள்தான்.

நிரவி, திருமலைராயன்பட்டினம் பக்கம்

மாலையில் அரசலாற்றைத் தாண்டித் தெற்கே போனேன். கடல் நெருங்க நெருங்க மண் மணற்பாங்காகிறது. சில இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. டிரைக்கோடெர்மாவுக்குச் சற்றுப் புளிப்பான, மட்குள்ள மண்தான் பிடிக்கும். உவர் தட்டும் வயலில் அதைத் தனியாகப் போடாமல், தொழு உரத்தில் பெருக்கிப் போடுவது நல்லது. மக்கிய தொழு உரம் 100 கிலோவுக்கு 1 கிலோ கலந்து, புட்டு பதத்துக்கு நீர் தெளித்து, நிழலில் மூடிவைத்து, நடுவில் கிளறி, ஒரு வாரம் கழித்து அடியுரமாக இடலாம்.

இந்தப் பக்கம் ஒரு வீட்டில் வைக்கோலில் சிப்பிக்காளான் வளர்த்தார்கள். அந்த வீட்டுப் பெண் கேட்டார்: “காளான் படுக்கையில பச்சையா பூக்குதே சார், அதை எடுத்துக் கரைச்சு பயிருக்கு ஊத்தலாமா?” இந்தக் கேள்வி எல்லோருக்கும் பயன்படும். காளான் படுக்கையில் வரும் பச்சை, பல நேரம் டிரைக்கோடெர்மாவேதான். உளுந்துக்குக் காவல்காரன், காளானுக்குத் திருடன். எனவே டிரைக்கோடெர்மா பொட்டலத்தைக் காளான் குடிலுக்குள் வைக்கவே கூடாது. தொட்ட கையைக் கழுவிவிட்டு உள்ளே போங்கள்.

ஆனால் பச்சையாக இருப்பதெல்லாம் டிரைக்கோடெர்மா அல்ல. ஈரப்பட்ட கடலையிலும் சோளத்திலும் வரும் ஆஸ்பர்ஜில்லஸ் பூசணமும் பச்சைதான். அது அஃப்லடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும், ஈரலைக் கெடுக்கும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆகவே பழைய சோற்றிலோ வைக்கோலிலோ வந்த பூசணத்தைக் கரைத்துத் தெளிக்கும் வேலை வேண்டாம். பஞ்சகவ்யத்தை வீட்டில் செய்யலாம், பூஞ்சாணத்தை ஆய்வுக்கூடத்தில் வளர்த்ததுதான் வாங்க வேண்டும்.

இதனால் ஆகாதவை

டிரைக்கோடெர்மா வேர் நோய்க்கு. மஞ்சள் தேமல் வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய், அதற்கு இது உதவாது. அதற்கு வம்பன் 8 போன்ற தாங்கும் ரகம் வேண்டும், முதலில் மஞ்சளித்த செடிகளை உடனே பிடுங்க வேண்டும். இலையில் சாம்பல் பூத்தால் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு அல்லது 3 சத வேப்பெண்ணெயை 10 நாள் இடைவெளியில் இருமுறை தெளிக்கலாம். சாறு என்ற வார்த்தைக்குப் பொருத்தமான இடம் இலைதான்.

அடுத்த தையில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். விதை நேர்த்தி செய்து தெளிக்கும்போது, வயலில் ஒரு மா நிலத்துக்கு மட்டும் நேர்த்தி செய்யாத விதையைத் தெளியுங்கள். நாலு மூலையிலும் குச்சி நட்டு வையுங்கள். 25-ஆம் நாளும் 40-ஆம் நாளும் இரண்டு பக்கமும் பத்தடிக்குப் பத்தடி அளந்து, வாடிய செடிகளை எண்ணி ஒரு நோட்டில் குறியுங்கள். காயை அறுத்ததும் ஒரு மாவுக்கு எத்தனை மரக்கால் என்று தனித்தனியாக அளந்து பாருங்கள். தண்ணீர் நன்றாக நின்ற வயலில் வித்தியாசம் குறைவாக இருக்கலாம், சம்பாவில் காய்ந்த வயலில் அதிகமாக இருக்கலாம். உங்கள் வயலுக்கு எது சரி என்பதை உங்கள் நோட்டே சொல்லும். அந்தக் கணக்கை இதழுக்கு எழுதி அனுப்புங்கள், மற்ற கடைமடைக்காரர்களுக்கும் பயன்படும்.